ஒப்புரவு என்னும் சொல்

மட்டக்களப்பைப் பற்றிப் பேச வருகிற எவரும் பாடும் மீனிலேதான் தொடங்குவார்கள். நானும் அந்த வழக்கத்தை மீறப் போவதில்லை. முழுநிலாக் காலத்து இரவொன்றில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்டால் வாவியின் அடியிலிருந்து ஓர் இசை எழும் என்பார்கள். எமர்சன் ரெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி 1859இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில் இதனை எழுதினார். விபுலானந்த அடிகளார் அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். புனித மைக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி அதனை ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவு நமது வானொலியிலும் ஒலித்தது.

மீனின் குரலைப் பதிந்து வைத்த அதே சபையைச் சேர்ந்த வேறு சிலர், பிற்காலத்தில் இந்த வாவிக்கரையின் இன்னொரு குரலைப் பதிந்து வைத்தார்கள். அது காணாமற் போன பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரின் குரல். அதற்குத் துடுப்புத் தேவைப்படவில்லை; ஒரு மேசையும், ஒரு குறிப்புப் புத்தகமும், பொறுமையும் தேவைப்பட்டன. இன்று அவர்களைப் பற்றியும், அவர்கள் வாழ்ந்து காட்டிய ஒரு சொல்லைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் ஒப்புரவு.

நமது நாட்டில் யுத்தம் முடிந்த பின்னர் 'நல்லிணக்கம்' என்ற சொல் மிகவும் பிரபலமாயிற்று. ஆணைக்குழுவின் பெயரிலும் அலுவலகங்களின் பெயர்ப் பலகைகளிலும் அது இடம்பெற்றது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த சொல் வேறு. தமிழ் வேதாகமத்திலே, காணிக்கை செலுத்தப் பீடத்தருகே வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு போதிக்கிறார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லப்படவில்லை; அவனுக்கு என்மேல் குறை இருந்தால் என்றே சொல்லப்படுகிறது. நடக்க வேண்டியவன் நோகச் செய்தவன்.

இதே சொல் நம் வள்ளுவரிடமும் உண்டு. திருக்குறளின் 22ஆவது அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. அங்கே அதன் பொருள் சமாதானம் செய்துகொள்வதன்று. தான் வாழும் ஊருக்குத் தான் பட்ட கடனை உணர்ந்து, தன்னிடம் உள்ளதைப் பிறர்க்குப் பயன்பட வைப்பது. வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தார்களோ, நானறியேன். ஆயினும் இரண்டு பொருளும் ஒரே சொல்லிற் கூடியிருப்பது நமக்குக் கிடைத்த பேறு. கடனைத் தீர்க்காமல் உறவைச் சீர்செய்ய முடியாது என்பதை நமது மொழியே சொல்லித் தருகிறது.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். படித்தது மிசன் பாடசாலையில். வேதபாட நேரத்தில் எங்களை வெளியே விட்டுவிடுவார்கள். யன்னலருகே நின்று, உள்ளே கத்தோலிக்க மாணவர்கள் ஞானோபதேசம் மனனம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு ஐந்து காரியங்கள் வேண்டுமாம். செய்த பாவத்தை நினைவுகூர்தல், அதற்காக மனம் வருந்துதல், இனிச் செய்யேன் என்று பிரதிக்கினை செய்தல், குருவிடம் அதை வாய்விட்டுச் சொல்லுதல், விதிக்கப்பட்ட அபராதத்தைத் தீர்த்தல். களவெடுத்தவன் களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடாமல் மன்னிப்புப் பெற முடியாது என்பதும் அந்தப் பாடத்தில் வரும். இந்த அருட்சாதனத்துக்கு இன்று வழங்கும் பெயரும் 'ஒப்புரவு' என்பதுதான். அந்த வயதில் விளையாட்டாகக் காதில் விழுந்த இந்த ஐந்து காரியங்களும் பின்னாளில் எனக்கு வரலாற்றைப் படிக்கும் திறவுகோலாக அமைந்தன.

மட்டக்களப்பில் மிசனரிமாரின் வரலாறு நீண்டது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் 1814இல் இங்கு வந்தார். மறு வருடமே இந்த மண்ணில் மரணமானார். அவர் தொடக்கிய பாடசாலையே மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மைக்கேல் கல்லூரியின் தொடக்கம் 1873. இவ்விரு கல்லூரிகளிலும் படித்தவர்தான் பின்னர் சுவாமி விபுலானந்தராகிச் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் கிழக்குக்கு வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அமெரிக்கத் துறவிகள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இருவர், யூஜின் ஹேபர் அடிகளும் ஹரி மில்லர் அடிகளும், நாடு சுதந்திரம் அடைந்த 1948இல் இங்கு வந்தவர்கள். இருவரும் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தவர்.

மிசனரிமாரைப் பற்றிப் புகழுரை மட்டும் சொல்வது நேர்மையாகாது. கல்வியோடு மதமாற்றமும் வந்தது. ஆங்கிலக் கல்வியின் பயன் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் பட்டினத்துக்குக் கிட்டிய அளவு, மேற்கே படுவான்கரையின் வயற்கிராமங்களுக்குக் கிட்டவில்லை. இந்தக் குறையெல்லாம் உண்மை. ஆயினும் சோதனைக் காலம் வந்தபோது இந்த வெளிநாட்டுத் துறவிகளுட் சிலர் கப்பலேறிவிடவில்லை என்பதும் உண்மை. ஹேபர் அடிகளைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராகவே கிழக்கின் பல தலைமுறை மாணவர்கள் அறிவார்கள். பின்னர் அவர் மட்டக்களப்பில் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் பொறுப்பை ஏற்று, வறிய இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார்.

யுத்தம் வாவிக்கரையைச் சூழ்ந்தபோது பிரஜைகள் குழு ஒன்று இயங்கியது. கைது செய்யப்பட்டவர்கள் எங்கே என்று கேட்பதும், கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேர்ப்பதும் அதன் பணி. 1987 ஜனவரி 28ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்பட ஏராளமான பொதுமக்கள் கொல்லப்பட்டபோது, அரசு சொன்ன கணக்கை ஏற்காமல் வேறு கணக்கைச் சொன்னது அந்தக் குழு. அதன் தலைவராக இருந்தவர் சந்திரா பெர்ணான்டோ அடிகள். இந்தியப் படை நிலைகொண்டிருந்த 1988இல், ஜூன் 6ஆம் திகதி, புனித மரியாள் ஆலயப் பங்கில் வைத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த நீதிமன்றமும் இன்றுவரை எவரையும் அதற்காகத் தண்டிக்கவில்லை. ஒரு குருவானவர் தேவாலயப் பணியோடு நின்றிருந்தால் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார். மக்களின் பெயர்களைக் கேட்டு எழுதியதும் தேவாலயப் பணிதான் என்று அவர் எண்ணினார் போலும்.

பின்னர் 1990 வந்தது. ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. அந்த வருடத்தின் இரண்டு மாதங்களை மட்டும் நாள்வாரியாகச் சொல்கிறேன், பொறுமையோடு கேளுங்கள். ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஓகஸ்ட் 11 இரவு, ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள். செப்டெம்பர் 5, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர்; திரும்பவில்லை. செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து கொண்டு செல்லப்பட்ட 184 தமிழர்கள், குழந்தைகளும் முதியோரும் உட்பட, கொல்லப்பட்டனர்.

இந்தக் கொடுமைகளுக்கு நடுவிலே ஒரு நாள், ஓகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனைப் பக்கம் கலவரத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களின் உதவிக்காகச் சென்றிருந்த ஹேபர் அடிகள், ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தமிழ் இளைஞன். வழியில் ஏறாவூர். நான்கு நாட்களுக்கு முன்னர்தான் அங்கே அந்தப் படுகொலை நடந்திருந்தது. இருவரும் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. அடிகளின் உடலோ, இளைஞனின் உடலோ, ஸ்கூட்டரோ இன்றுவரை கிடைக்கவில்லை. காணாமற் போனோருக்காகக் குரல் கொடுத்த சமாதானக் குழுவில் ஒருவராக இருந்தவர், தாமே காணாமற் போனோர் பட்டியலில் ஒரு பெயரானார்.

அவரோடு ஒரே ஆண்டில் இலங்கைக்கு வந்த மில்லர் அடிகள் அந்தப் பட்டியலைத் தொடர்ந்து எழுதினார். எந்தத் திகதி, எந்த வீதி, எந்த முகாம், எந்தச் சீருடை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். படை அதிகாரிகளிடம் போனார். வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்கு அறிவித்தார். முதுமையில் ஓய்வுக்காக அமெரிக்கா சென்றவர், அங்கே இருக்க மாட்டாமல் மட்டக்களப்புக்கே திரும்பி வந்தார். 2023 ஜனவரியில், தொண்ணூற்றேழாவது வயதில், இங்கேயே காலமானார்.

நேயர்களே, அந்த ஐந்து காரியங்களுக்கு இப்போது திரும்புவோம். முதலாவது, செய்ததை நினைவுகூர்தல். மில்லர் அடிகளின் குறிப்புகள் அந்த முதற்படிதான். ஆனால் யாருடைய நினைவை யார் எழுதினார்கள் என்று பாருங்கள். ஞானோபதேசத்தின்படி நினைவுகூர வேண்டியவன் பாவம் செய்தவன். நம் நாட்டிலோ நினைவுகூரும் பாரமும் இழந்தவர்களின் தலையிலேயே விழுந்தது. மறந்துவிடுங்கள், பழையதைக் கிளறாதீர்கள் என்ற உபதேசமும் அவர்களுக்கே கிடைத்தது.

1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதியில் மீண்டும் ஒரு படுகொலை. கண்ணிவெடியில் இரண்டு படைவீரர்கள் இறந்ததற்குப் பழிவாங்கலாக மகிழடித்தீவு மக்கள்மேல் படையினர் பாய்ந்தனர். இம்முறை அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. 67 பேர் வேண்டுமென்றே கொல்லப்பட்டனர் என்று அது கண்டது; நட்டஈடு வழங்கச் சிபாரிசு செய்தது. இராணுவ விசாரணையில் அதிகாரி ஒருவர், தம் வீரர்களைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியதற்காகவும் பதவி நீக்கப்பட்டார். ஏனைய 19 பேரும் விடுவிக்கப்பட்டனர். அதாவது ஆணைக்குழு கொலை நடந்தது என்றது. விசாரணை மன்றமோ கொன்றவர் எவரையும் காணவில்லை. நமது ஐந்து காரியங்களில் அபராதத்தின் ஒரு பகுதி மட்டும் பணமாகச் செலுத்தப்பட்டது. வாய்விட்டுச் சொல்லுதல் நடக்கவேயில்லை.

தேவாலயங்களும் இதற்குப் புறம்பாக நிற்கவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், அதே புனித மரியாள் ஆலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கிற் சந்தேக நபர்களாக இருந்தவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். அப்படியானால் கொன்றது யார் என்ற கேள்வி பீடத்தின் முன்னே அப்படியே கிடக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளின் நடுவே குண்டு வெடித்தது. ஏறத்தாழ முப்பது உயிர்கள். அவற்றுட் பல சிறுவர்கள். குண்டைச் சுமந்து வந்தவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நமது வரலாற்றில் இது அரிய தீர்ப்பு. பொறுப்பு மேலே வரைக்கும் செல்லும் என்று சொன்ன தீர்ப்பு.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் 2020இல், இறந்தவர் எந்தச் சமயத்தவராயினும் எரிக்கவே வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. புதைப்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் வேதனை சொல்லும் தரமன்று. 2021இல் புதைக்க அனுமதி கிடைத்தபோது, அதற்கு இடம் கொடுத்தது நமது மாவட்டத்தின் ஓட்டமாவடி. அங்கே முஸ்லிம்களுக்கு அருகே பிற சமயத்தவர் சிலரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. காலங்கடந்த மன்னிப்புத்தான். ஆயினும் இன்ன காரியத்தைச் செய்தோம், அது பிழை என்று பெயர் குறித்துச் சொல்லப்பட்ட மன்னிப்பு. நான்காவது காரியம் இந்த நாட்டில் முடியாத காரியமன்று என்பதற்கு அது சாட்சி.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, 1985இல், அந்நாட்டு இறையியலாளர் பலர் சேர்ந்து 'கைரோஸ்' என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். திருச்சபை இரு தரப்பையும் பார்த்துச் சமாதானமாயிருங்கள் என்று சொல்வது, ஒரு தரப்பின் கால் மறு தரப்பின் கழுத்தில் இருக்கும்போது சமாதானமாகாது. நீதி இல்லாத ஒப்புரவு பாவத்துக்குத் துணைபோவதே என்பது அதன் சாரம். பின்னர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் அங்கே உண்மை ஆணைக்குழு அமைந்தது. உண்மையை முழுமையாகச் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்பது அதன் ஏற்பாடு. தண்டனை எங்கே என்று இழந்தவர்கள் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே சொல்லுதல் முதலில் வந்தது, மன்னிப்பு அதன் பின்னர் வந்தது. இங்கே முதற்படியிலும் கால் வையாமல் மன்னிப்பை மட்டும் கேட்கிறோம்.

இவ்வளவும் மற்றவர்களின் பாவத்தைப் பற்றியே பேசினேன். ஐந்து காரியங்களைச் சொல்லிக்கொண்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது முறையன்று.

மட்டக்களப்புத் தமிழர்களும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். குழலுக்குள் மாவும் பூவும் மாறி மாறி இருப்பது போல, ஊர்களும் மாறி மாறி இருக்கின்றன. தாய்வழிக் குடிமுறை இரு பகுதியாருக்கும் பொது. என்னோடு படித்த காத்தான்குடி நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவன் வருவான். அவர்கள் வீட்டுப் பெருநாளுக்கு நான் போவேன். 1990 ஓகஸ்ட் 3 இரவு அவனுடைய வாப்பா பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

செய்தி எனக்கு மறுநாளே தெரியும். நான் போகவில்லை. பாதை திறந்திருக்கவில்லை, பயம், தமிழன் அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது. அந்த மாதத்தில் இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்த வருடமும் நான் போகவில்லை. ஒரு கடிதமும் எழுதவில்லை. சத்துருக்கொண்டானை நினைத்து, நமக்கு நடந்ததும் குறைவா என்று என் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அவர்களுடைய இறந்தோரை நம்முடைய இறந்தோரால் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்று வந்தது. அதைவிடப் பொல்லாத கணக்கை நான் வாழ்நாளிற் செய்ததில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து வீதியில் அச்சம் தணிந்தபோதுதான் போனேன். பட்டினத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தூரம். கடக்க எனக்குப் பன்னிரண்டு வருடங்கள் பிடித்தன. அவன் வாசலுக்கு வந்தான். என்ன சொல்வதென்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "உன்ட வாப்பாவை எங்கட ஆக்கள்தான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "நீ சுட்டாய் எண்டு நான் ஒருநாளும் நினைக்கல்ல. வருவாய் எண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தன்."

உள்ளேயிருந்து அவனுடைய உம்மாவின் குரல் கேட்டது. "ஆர் அது? உள்ள வரச் சொல்லு. இரி மகன், சோறு திண்டுட்டுப் போகலாம்."

அந்தச் சோற்றை நான் தின்றேன். மன்னித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்கு வரவேண்டிய நீதி என் கையில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவனுடைய வாப்பாவுக்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு சத்துருக்கொண்டான் நினைவு நாளைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் காத்தான்குடியையும் ஏறாவூரையும் சேர்த்தே பேசுகிறேன். கழிப்பதற்காக அல்ல, கூட்டுவதற்காக. 2019இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று, எனக்கு முதலில் வந்த தொலைபேசி அழைப்பு அவனுடையது. குரல் நடுங்கியது. "எங்கட ஊரான் ஒருத்தன் எண்டு சொல்லுறாங்க" என்றான். அவனுக்கு அதைச் சொல்லப் பன்னிரண்டு வருடம் எடுக்கவில்லை. ஒரு பொழுதே போதுமாயிருந்தது.

ஹேபர் அடிகள் கிறிஸ்தவர். தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்து நின்ற அந்த வீதியில், இரு பகுதியாரும் அஞ்சிய நாளொன்றில், பிறருடைய துயரத்துக்காகப் புறப்பட்டுப் போனவர். சைவனான எனக்கு அவருடைய விசுவாசம் முழுவதும் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போவது என்றால் என்ன என்பது, அந்தப் பாதையை நினைக்கும்போது எனக்கு விளங்குகிறது. அங்கே செலுத்தப்படாமற் கிடக்கும் காணிக்கைகள் நம் எல்லோருடையவும்தான். அரசினுடையது பெரிது. இயக்கங்களினுடையதும் பெரிது. என்னுடையது சிறிது, அதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொன்னேன்.

முழுநிலா இரவுகளில் இப்போதும் சிலர் கல்லடியில் தோணியை நிறுத்துகிறார்கள். நீருக்கடியில் என்ன ஒலிக்கிறது என்று கேட்பதற்குக் காதைத் தாழ்த்த வேண்டும், கொஞ்ச நேரம் வாய் மூடியிருக்க வேண்டும். கரையில் இருப்பவர்களைக் கேட்பதற்கும் அதுவே வழி.